பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது

பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டு, பெட்டியின் மூடியைக்கூட மாட்டாமல் பவர் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, மதர்போர்டின் சின்னம் வந்து போனது, அப்புறம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட் ஆக எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை. அணைத்து மறுபடி போட்டேன். அதே வரி.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் லினக்ஸ் ஓடும் அந்தக் கணினி புது எஸ்எஸ்டியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. ரூட், அதாவது இயங்குதளம் இருக்கும் அடிப்படைக் கோப்பு முறைமை, எங்கிருந்து மவுன்ட் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது) என்று டெர்மினலில் கேட்டால் புது டிஸ்க்கின் பெயரைத்தான் சொல்லும். பூட் ஆகும் வேகமே சொல்லிவிடும், முன்பு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது இப்போது பத்துப் பதினைந்து நொடியில் லாகின் திரைக்கு வந்து நின்றது. மூன்று வாரம் போதும், பழையதில் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று முழுதாக நம்பித்தான் கேபிளில் கை வைத்தேன். ஆனால் அந்த மூன்று வாரமும், பவர் போட்ட ஒவ்வொரு முறையும், முதல் அரை நொடி வேலையைப் பழைய டிஸ்க்தான் செய்து கொடுத்திருக்கிறது. அது செய்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நான் பார்க்கவும் இல்லை.

டிஸ்க் மாற்றுவது என்றால் கோப்புகளை நகலெடுப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நகலெடுப்பது சுலபமான பாதி. மீதிப் பாதி முகவரி. வீடு மாறும்போது பாத்திரம் பண்டமெல்லாம் புது வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், கடிதங்கள் மட்டும் பழைய வாசலுக்கே போய்க்கொண்டிருக்கும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். ஒரு லினக்ஸ் கணினியில் டிஸ்க்கின் முகவரி ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. நான் எண்ணிய வரை ஐந்து இடம். ஐந்தையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒன்றை மாற்றினால் இன்னொன்று தானாக மாறாது.

பவர் பட்டனிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். இப்போதைய கணினிகளில் இருக்கும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது பவர் போட்டதும் முதலில் ஓடும் நிரல், மதர்போர்டிலேயே ஒரு சின்ன நினைவகம் வைத்திருக்கிறது. இந்த டிஸ்க்கில், இந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவில்), இந்தக் கோப்பை எடுத்து ஓட்டு என்று அதில் எழுதியிருக்கும். அது சொல்லும் பார்ட்டிஷனுக்கு ஈஎஸ்பி என்று பெயர், ஃபேட் வடிவத்தில் சில நூறு மெகாபைட்டுக்கு இருக்கும். லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் விநியோகங்களில் கிரப்புக்குப் பக்கத்திலேயே, அதே ஈஎஸ்பியில், மூன்றே வரி கொண்ட ஒரு குட்டிக் கோப்பு இருக்கும், உண்மையான மெனு எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது என்று அது சொல்லும். அந்த மெனுவில், அதாவது /பூட்/கிரப் அடைவில் இருக்கும் பெரிய கோப்பில், ரூட் எது என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் வரி இருக்கும். கர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பு முறைமைக்குள் இன்னொரு முகவரி ஒளிந்திருக்கலாம், அதற்கு அப்புறம் வருகிறேன். கடைசியாக, எதை எங்கே மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் /ஈடிசி/எஃப்எஸ்டேப். நம்மில் பெரும்பாலோர் மாற்றுவது இந்தக் கடைசி ஒன்றை மட்டும்தான், ஏனென்றால் நாம் கையால் திறந்து பார்த்துப் பழகிய கோப்பு அது ஒன்றுதான்.

என் கணினியில் இருந்தவை மூன்று. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் ஈஎஸ்பி, ரூட், ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) மூன்றும். 2 டிபி ஹார்ட் டிஸ்க், படங்களும் பேக்கப்பும். புதிதாக வாங்கிய 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ரூட் எஸ்எஸ்டிக்குப் போக வேண்டும், 500 ஜிபி வெளியே வர வேண்டும், அது இருந்த தட்டில் 2 டிபி உட்கார வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பென் டிரைவிலிருந்து லைவ் லினக்ஸில் ஏறி, புது டிஸ்க்கில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை போட்டு, ஈஎஸ்பிக்கு 512 எம்பி ஒதுக்கி, மீதியை ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஆக்கி, ஆர்சிங்க் என்ற கட்டளை கொண்டு நகலெடுத்தேன். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்சிங்க்கில் வெறும் சின்ன ‘ஏ’ போதாது. பெரிய ‘எச்’ இல்லாவிட்டால் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) எல்லாம் தனித்தனிக் கோப்பாகப் பெருகிவிடும். பெரிய ‘ஏ’யும் பெரிய ‘எக்ஸ்’ஸும் இல்லாவிட்டால் கூடுதல் அனுமதிகளும் கோப்போடு ஒட்டியிருக்கும் பண்புகளும் போய்விடும், அப்புறம் நேற்று வரை சாதாரணப் பயனராக ஓடிய ஒரு நிரல் இன்றைக்கு ஏன் அனுமதி இல்லை என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு வைக்கவும் மறக்கக் கூடாது. வைக்காவிட்டால் உள்ளடக்கம் போகாமல் அடைவே உள்ளே போய் உட்காரும்.

நகல் முடிந்ததும் எஃப்எஸ்டேப்பைத் திறந்து ரூட்டின் யூயூஐடியை, அதாவது அந்தக் கோப்பு முறைமையின் அடையாள எண்ணை, புதியதாக மாற்றினேன். அப்புறம் புது ரூட்டுக்குள் சிஹெச்ரூட் செய்து (அதையே ஓடும் கணினியின் ரூட்டாகப் பாவித்து) நுழைந்து, எஃப்எஸ்டேப்பில் இருப்பதையெல்லாம் மவுன்ட் செய் என்று ஒரே கட்டளையில் சொல்லிவிட்டு, மெனுவைப் புது ரூட்டின் எண்ணோடு மறுபடி எழுதும் அப்டேட்-கிரப்பையும், பிறகு கிரப்-இன்ஸ்டாலையும் ஓட்டினேன். முடிந்தது, பிழை ஏதும் இல்லை என்று அது சொன்னது. உண்மையைத்தான் சொன்னது. எஃப்எஸ்டேப்பில் /பூட்/ஈஎஃப்ஐ என்ற வரியை நான் தொடவே இல்லை, அதில் பழைய ஈஎஸ்பியின் எண்தான் இருந்தது, ஆகவே மவுன்ட் ஆனது பழைய ஈஎஸ்பி. கிரப் அங்கே போய் ஒழுங்காக எழுதிக்கொண்டது, புது ரூட்டின் முகவரியையும் அந்தக் குட்டிக் கோப்பில் சரியாகக் குறித்துக்கொண்டது. எஸ்எஸ்டியில் நான் ஒதுக்கிய 512 எம்பி காலியாகவே கிடந்தது.

மறுபடி பூட் செய்தால் எல்லாம் ஓடியது. ஃபர்ம்வேர் பழைய டிஸ்க்குக்குப் போனது, பழைய டிஸ்க் புது டிஸ்க்கைக் காட்டிவிட்டது, கர்னல் புது டிஸ்க்கிலிருந்து ஏறியது. ஓடுகிறது என்பதை நான் சான்றாக எடுத்துக்கொண்டேன். அங்கேதான் தவறு நடந்தது, இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது ‘பூட் ஆகிறது’ என்பதற்கு, இரண்டும் சேர்ந்தால் பூட் ஆகிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எஃபிபூட்எம்ஜிஆர் என்று ஒரு கட்டளை இருக்கிறது, ‘வி’ சேர்த்து ஓட்டினால் ஃபர்ம்வேரின் நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் காட்டும். விநியோகத்தின் பெயர், பக்கத்தில் ஜிபிடி என்று போட்டு ஒரு நீண்ட எண், அப்புறம் கோப்பின் பாதை. அந்த நீண்ட எண்ணை எடுத்துக்கொண்டு பிஎல்கேஐடி என்ற கட்டளை காட்டும் பட்டியலில் தேடினால் எந்த டிஸ்க் என்று வந்துவிடும். ஆனால் தேட வேண்டியது யூயூஐடி என்ற தலைப்பில் அல்ல, பார்ட்யூயூஐடி என்ற தலைப்பில். கோப்பு முறைமைக்கு ஓர் எண், பார்ட்டிஷனுக்கு இன்னோர் எண். ஃபேட்டின் யூயூஐடி எட்டே இலக்கம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். பார்ட்யூயூஐடி கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. ஃபர்ம்வேருக்குத் தெரிந்தது நீளமானது. இதைக் குழப்பிக்கொண்டு எண் எங்குமே இல்லை என்று முடிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஐடிஈ கேபிள் இருந்த காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், எச்டிபி என்றால் அதே கேபிளின் ஸ்லேவ், எச்டிசி என்றால் இரண்டாவது கேபிளின் மாஸ்டர். பெயர் கேபிளில் இருக்கும் இடத்தைக் குறித்தது. நடுவில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றவற்றின் பெயர் மாறாது. எஸ்டிஏ அப்படி இல்லை, கர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. ஒன்றைக் கழற்றினால் மற்றவை ஒரு படி முன்னேறும். எதையும் தொடாவிட்டாலும்கூட, ஒரு டிஸ்க் சுழல ஆரம்பிக்க இரண்டு நொடி கூடுதலாக எடுத்தால் வரிசை புரளலாம். பெயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பழைய காலத்து நம்பிக்கை அப்படியே இதிலும் ஒட்டிக்கொண்டது.

சரி, கறுப்புத் திரைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது பதறாமல் இருப்பது, ஏனென்றால் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கோப்புகள் ஒன்றுகூட விடாமல் எஸ்எஸ்டியில் இருந்தன. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் ஓடும் என்று நினைத்து மாட்டினேன், ஓடவில்லை. சில மதர்போர்டுகள் டிஸ்க் காணாமல் போனதும் அதற்கான வரியையே தம் நினைவகத்திலிருந்து அழித்துவிடும், என்னுடையது அந்த ரகம். டிஸ்க் வந்தாலும் எந்தக் கோப்பை ஓட்டுவது என்று அதற்கு இப்போது தெரியாது. திரும்பிப் போகும் வழியும் அடைபட்டதில்தான் நான் கொஞ்சம் ஆடிப்போனேன்.

பழையதை மறுபடி கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பென் டிரைவில் ஏறினேன். இங்கே ஒரு கண்ணி உண்டு. பென் டிரைவை ஃபர்ம்வேர் இரண்டு விதமாக ஏற்றலாம், யூஈஎஃப்ஐ முறையிலும், பழைய பயாஸ் முறையிலும். பயாஸ் முறையில் ஏறிவிட்டால் ஃபர்ம்வேரின் நினைவகத்தை லினக்ஸால் தொட முடியாது. /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால் மேலே போகலாம். இல்லாவிட்டால் பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், மற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஸ்எஸ்டியின் ரூட்டை /எம்என்டியில் மவுன்ட் செய்தேன். அதற்குள் இந்த முறை புது ஈஎஸ்பியை, எஃப்எஸ்டேப்பை நம்பாமல், கையால் பெயர் சொல்லி மவுன்ட் செய்தேன். /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் உள்ளே பிணைத்தேன். சிஹெச்ரூட். எஃப்எஸ்டேப்பில் ஈஎஸ்பி வரியின் எட்டு இலக்கத்தை மாற்றினேன். கிரப்-இன்ஸ்டால் ஓட்டியதும், அது சொன்ன பதிலை நம்பாமல், /பூட்/ஈஎஃப்ஐக்குள் போய் எல்எஸ் அடித்துப் பார்த்தேன். விநியோகத்தின் பெயரில் அடைவு, அதற்குள் கிரப், ஷிம் என்ற நிரல்கள், அந்தக் குட்டிக் கோப்பு. குட்டிக் கோப்பை ‘கேட்’ கட்டளையால் திறந்து படித்தேன். முதல் வரியில் ஒரு யூயூஐடியைத் தேடு என்கிறது, இரண்டாவது வரியில் அங்கே /பூட்/கிரப் என்ற பாதையைக் குறித்துக்கொள்கிறது, மூன்றாவது வரியில் அங்கிருக்கும் மெனுவை எடு என்கிறது. மூன்று வரிதான், ஆனால் முதல் வரியில் இருக்கும் எண் தவறானால் கிரப் அந்த இடத்திலேயே வெறும் கட்டளை வரியைக் காட்டி நின்றுவிடும், மெனு எப்படி இருக்கும் என்றே அதற்குத் தெரியாது. கிரப்-இன்ஸ்டால் ஓட்டாமல் ஈஎஸ்பியை மட்டும் நகலெடுத்துப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான்.

இன்னொன்றும் செய்தேன், அதைச் செய்ததில் எனக்குத் திருப்தி. கிரப்-இன்ஸ்டாலை இரண்டாவது முறை, --ரிமூவபிள் என்று சேர்த்து ஓட்டினேன். அப்படி ஓட்டினால் ஈஎஸ்பியில் ஈஎஃப்ஐ அடைவுக்குள் பூட் என்ற அடைவில், பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு பிரதி விழும். ஃபர்ம்வேருக்கு எந்த டிஸ்க்கைப் பற்றியும் எதுவும் நினைவில்லாதபோது அது தானாகத் தேடும் பெயர் அதுதான், பென் டிரைவ்கள் எந்தக் கணினியிலும் பூட் ஆவது அதனால்தான். இனி மதர்போர்டு தன் நினைவை இழந்தாலும் இந்த டிஸ்க் எழும்பும், இன்னொரு கணினியில் கொண்டுபோய் மாட்டினாலும் எழும்பும்.

பூட் செய்தேன். கிரப் மெனு வந்தது. கர்னல் ஏறியது. அப்புறம் நின்றது. அரை நிமிடம் போல அசையவே இல்லை, சஸ்பென்ட் ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓட, ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகவும் அதிகபட்சம் ஒன்றரை நிமிடம் என்றும் கணக்கு ஓடியது. ஒன்றரை நிமிடம் முடிந்ததும் எமர்ஜென்சி மோட், ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றது.

ஒரே பூட்டில் மூன்று பழைய முகவரிகள் வெளியே வந்தன. முதல் காத்திருப்பு இனிட்ராம்எஃப்எஸ். ஹைபர்னேட் செய்த நினைவகத்தைத் திரும்ப எடுக்க எந்த ஸ்வாப்பைப் பார்ப்பது என்று நிறுவும் காலத்திலேயே அதற்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அந்த ஸ்வாப் இப்போது மேஜையில் கிடக்கிற டிஸ்க்கில். இரண்டாவது, அதே ஸ்வாப்புக்கு எஃப்எஸ்டேப்பில் இருந்த வரி. ஸ்வாப் இல்லாததற்காக மட்டும் பூட் நின்றுவிடாது, தாமதம்தான் ஆகும். நிறுத்தியது மூன்றாவது. 2 டிபி டிஸ்க்குக்குப் பல வருடம் முன்பு நான் என் கையால் எழுதிய வரி, /டெவ்/எஸ்டிபி1 என்று ஆரம்பித்தது. 500 ஜிபி போனதும் 2 டிபி எஸ்டிஏ ஆகிவிட்டது, எஸ்டிபி என்று ஒன்றும் இல்லை. பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி தொண்ணூறு நொடி பார்த்துவிட்டு, கேட்ட கோப்பு முறைமை வராததால் மேலே போக மறுத்தது. அது செய்தது சரியென்றே நினைக்கிறேன், வராத டிஸ்க்கை வந்ததாக நினைத்துக்கொண்டு ஓடியிருந்தால் இரவில் ஓடும் என் பேக்கப் ஸ்கிரிப்ட் வெறும் அடைவுக்குள் எழுதி எஸ்எஸ்டியை நிரப்பியிருக்கும்.

எஸ்டிபி1 என்ற வரியை யூயூஐடியாக மாற்றி, வராவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்று சொல்லும் நோஃபெயிலைச் சேர்த்தேன், பேக்கப் ஸ்கிரிப்டிலும் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடு என்று ஒரு வரி போட்டேன், இரண்டும் சேர்ந்தால்தான் சரி. ரூட் இல்லாமல் கணினிக்கு வாழ்வில்லை, படங்கள் இருக்கும் டிஸ்க் இல்லாவிட்டாலும் லாகின் ஆகலாம், ஆகவே ரூட்டுக்கும் ஈஎஸ்பிக்கும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நோஃபெயில் போடுவது என் வழக்கமாகிவிட்டது. ஸ்வாப் வரியை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியில் ஒரு ஸ்வாப் கோப்பு வைத்தேன். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கான அமைப்பு அடைவுக்குள் ரெஸ்யூம் என்றிருந்த கோப்பைத் திறந்து அதிலிருந்த யூயூஐடியை அழித்து, ‘நன்’ (எதுவும் இல்லை) என்று எழுதி, எல்லாக் கர்னலுக்கும் சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக ஆக்கினேன். அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதாது, இனிட்ராம்எஃப்எஸ் என்பது கட்டி முடித்த மூட்டை, மறுபடி கட்டினால்தான் மாற்றம் உள்ளே போகும்.

பயாஸ் காலத்துக் கணினிகளில் கதை வேறு. அங்கே ஈஎஸ்பி கிடையாது. டிஸ்க்கின் முதல் 512 பைட்தான் எல்லாம், 1983இல் வந்த பிசி டாஸ் 2.0 காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. அந்த 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2, பூட் நிரலுக்கு மிஞ்சுவது 446. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு கோப்பு முறைமையைப் படிக்கும் நிரலை வைக்க முடியாது. அந்தக் காலத்து பூட் நிரலான லைலோ இதைச் சமாளித்தது கர்னல் இருக்கும் கட்டங்களின் எண்களை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு. கர்னலை மாற்றிவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால், எண்கள் பழைய இடத்தைக் காட்டும். லைலோ என்ற பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து, எந்த எழுத்தோடு நின்றதோ அதை வைத்துக் கோளாறு எங்கே என்று ஊகிப்பார்கள். 1995இல் எரிக் போலேன் எழுத ஆரம்பித்த கிரப், கோப்பு முறைமையைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டது. முதல் 512 பைட்டில் ஒரு துளி, அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில் நடு நிரல், மீதியெல்லாம் /பூட்/கிரப்பில் தனித்தனித் தொகுதிகளாக. ஜிபிடி போட்ட டிஸ்க்கில் அந்த இடைவெளி இல்லாததால் பயாஸில் பூட் செய்ய 1 எம்பி அளவில் தனியாக ஒரு பார்ட்டிஷன் தர வேண்டும். அந்தப் பார்ட்டிஷன் வகைக்கான எண்ணை டிஸ்க்கில் இருக்கும் வரிசையில் எழுத்துகளாகப் படித்தால் ‘ஹா! ஐடோன்ட்நீட்ஈஎஃப்ஐ’ என்று வரும். யாரோ ஒருவர் ஆசையாக உட்கார்ந்து கோத்த எண் அது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்று துண்டுகளாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு, ஒரு நண்பரின் கணினியில் அதைக் கண்ணால் பார்த்தேன். அவரிடம் இரண்டு டிஸ்க், பயாஸ் கணினி. புது டிஸ்க்கில் ரூட், அதிலேயே கிரப்பும் ஒருமுறை போட்டுக்கொண்டு அதிலிருந்துதான் பூட் செய்துகொண்டிருந்தார். ஆனால் கிரப் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று டெபியன் வழி விநியோகங்கள் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும், அதில் நிறுவியபோது இருந்த பழைய டிஸ்க்தான் இருந்தது. 2020 ஜூலையில் கிரப்பில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியாகி எல்லாருக்கும் அவசரமாகப் புதுப்பிப்பு வந்ததே, அது வந்தபோது தொகுதிகள் எல்லாம் புதியதாகிவிட்டன, நடு நிரல் மட்டும் பழைய டிஸ்க்கில் போய் எழுதப்பட்டது. அவர் பூட் செய்யும் டிஸ்க்கில் பழைய நடு நிரல், புதுத் தொகுதிகள். கிரப்_கேலக் என்ற பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு ரெஸ்க்யூ வரியில் நின்றது. அந்த வாரம் உலகம் முழுக்க நிறையப் பேர் அதே வரியைப் பார்த்தார்கள், அவர்களில் பலருக்கும் காரணம் இதேதான், கிரப் தவறான டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. லைவ் பென் டிரைவில் ஏறி, சிஹெச்ரூட்டில் கிரப்-பிசியை மறு அமைப்பு செய்து, ஸ்பேஸ் பட்டனால் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும் தீர்ந்தது.

இவ்வளவு தொல்லை எதற்கு, டிடி என்ற கட்டளை கொண்டு டிஸ்க்கை பைட் பைட்டாக அப்படியே பிரதி எடுத்துவிடலாமே, முகவரி எதுவும் மாறாதே என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது என்பதுதான் சிக்கல். இப்போது ஒரே யூயூஐடியில் இரண்டு கோப்பு முறைமைகள் ஒரே பெட்டிக்குள் இருக்கும், எது மவுன்ட் ஆகும் என்பது அந்தந்த நாளின் அதிர்ஷ்டம். இன்றைக்கு ஒன்றில் எழுதுவீர்கள், நாளைக்கு மற்றதில். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அந்த எண்ணில் இன்னொன்று ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது என்று மறுத்துவிடும், நல்லதுதான். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொன்று யூயூஐடியை வைத்தே தன் டிஸ்க்குகளை அடையாளம் காண்பதால் அங்கே தரவே கெட்டுப்போகும் அளவுக்கு ஆபத்து. ஜிபிடியின் மாற்றுப் பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டியது, பெரிய டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தால் நடுவில் போய் நிற்கும், அதையும் நகர்த்த வேண்டும். டிடி செய்துதான் ஆக வேண்டும் என்றால் முடிந்த நொடியே கணினியை அணைத்து ஒன்றைக் கழற்றிவிடுங்கள், இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒருமுறைகூட பூட் செய்யாதீர்கள். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கைத் தவிர மற்ற எதற்கும் நான் ஆர்சிங்க்தான். புது எண்கள் வரும், மாற்ற வேண்டிய இடங்கள் தெரியும், மாற்றுவேன்.

ஸ்க்ரூ டிரைவர் வேலையிலும் ஒன்று இருக்கிறது. 2 டிபியை மேல் தட்டுக்கு மாற்றி, அருகில் இருந்த சாட்டா போர்ட்டில் மாட்டினேன், பட்டியலிலேயே வரவில்லை. டிஸ்க் போய்விட்டதோ என்று ஒரு நிமிடம் பகீர் என்றது. சில மதர்போர்டுகளில் எம்.2 சாக்கெட்டில் எஸ்எஸ்டி ஏறினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும், கையேட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றியதும் வந்துவிட்டது. டிஸ்க் தெரியவில்லை என்றால் மென்பொருளில் தேடுவதற்கு முன்னால் ஃபர்ம்வேர் திரையில் தெரிகிறதா என்று பார்ப்பது எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்லாம் முடிந்ததும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்த்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியலில் கடைசி நான்கு எழுத்தையும் அது செய்யும் வேலையையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். டிஸ்க்கின் மேல் இருக்கும் ஸ்டிக்கரில் அதே எண் இருக்கிறது, ஆகவே கையில் எடுத்துப் பார்த்தால் எது எது என்று சந்தேகமே வராது.

பழைய 500 ஜிபியை ஒரு மாதம் கழித்து யூஎஸ்பி வழியாக மாட்டி அழித்தேன். அதை மாட்டியதும் எஸ்டிபி என்று வந்து நின்றது. அழிக்கும் கட்டளையை அடித்து வைத்துவிட்டு, என்டரை அழுத்துவதற்கு முன் மூடியைக் கழற்றித் தாளில் இருந்த நான்கு எழுத்தைப் பார்த்தேன், திரையில் பார்த்தேன், கையில் இருந்த டிஸ்க்கின் ஸ்டிக்கரையும் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் அழுத்தினேன்.